ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களின் நினைவுக்குறிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலிக்கதை படித்து வளர்ந்தவர்கள் ஒரு கட்டத்தில் ஆப்பிரிக்கா பக்கம் திரும்புவார்கள். திரும்பியதும் அவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நண்பர்களும் புத்தகம் இரவல் வாங்கிப்போனவர்களும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பேசுவது சுமார் 1850 முதல் 1970கள் வரை வந்த புத்தகங்களைப் பற்றி.

கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ரெண்டு பேரையும் முடிச்சாச்சு. ஆப்பிரிக்காவுல எதுல ஆரம்பிக்கலாம்?

ஜே. ஏ. ஹன்டர் எழுதிய ‘ஹன்டர்’ (1952) நல்ல தொடக்கம். ஹன்டர் என்பது அவருடைய உண்மைப் பெயரேதான். ஸ்காட்லாந்துக்காரர். கென்யாவுக்குப் போய் ரயிலில் கார்டாக இருந்தார், தோலுக்காகச் சிங்கம் சுட்டார், பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போனார், கடைசியில் அரசின் வேட்டைத்துறையில் வேலை பார்த்தார். ஒரே புத்தகத்தில் இந்தத் தொழிலின் எல்லா வகையும் வந்துவிடுகிறது. மொழியும் எளிமை.

பலர் பேட்டர்சனின் ‘த மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் சாவோ’ (1907) புத்தகத்தில் தொடங்குகிறார்கள். தப்பில்லை. ஆனால் பாதிக்கு முன்பே தலைப்பில் வரும் ஆள்தின்னிச் சிங்கங்கள் இரண்டும் செத்துவிடும், மீதி ரயில் பாதை, பாலம், சில்லறை வேட்டை என்று போகும். அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

கார்பெட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அவரிடம் ஒரு புலிக்கு ஒரு கதை. இங்கே ஒரே அத்தியாயத்தில் முப்பது யானை விழும். கார்பெட்டே 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யாவின் நியேரிக்குக் குடிபோனவர். பிற்காலப் புத்தகங்கள் சிலவற்றை அங்கிருந்துதான் எழுதினார், 1955இல் அங்கேயே இறந்தார்.

இவங்க எல்லாருமே ஒரே மாதிரி ஆட்கள்தானே? எதுக்கு இத்தனை புத்தகம்?

அட்டையில் எல்லோரும் துப்பாக்கியோடுதான் நிற்பார்கள். பிழைப்பு எப்படி நடந்தது என்று பார்த்தால் ஆளுக்கு ஆள் வேறு தொழில். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த மனிதருக்குக் காசு கொடுத்தது யார்?

செலூஸ், நியூமன், பெல், சதர்லாந்து ஆகியோர் தந்தத்தை எடைபோட்டு விற்றுப் பிழைத்தவர்கள். அவர்கள் எழுத்தில் பவுண்டு வரும், மைல் வரும், தண்ணீர் எங்கே கிடைத்தது என்று வரும். பிலிப் பெர்சிவல் மாதிரியானவர்கள் நைரோபியிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்கப் பணக்காரர்களைக் கூட்டிப்போன வழிகாட்டிகள். வாடிக்கையாளரை உயிரோடு திருப்பிக் கொண்டுவருவதுதான் வேலை என்பதால் இவர்களுக்கு மிருகத்தைவிட மனிதர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கிண்டலும் உண்டு. மூன்றாவது வகை அரசுச் சம்பளக்காரர்கள். பயிரை மிதிக்கும் யானை, ஊருக்குள் வரும் சிங்கம் இவற்றைச் சுடுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். இவர்களில் சிலர் பிறகு காவல்காரர்களாகவும் ஆனார்கள்.

காசு வந்த வழியைப் பொறுத்து மறைப்பதும் மாறும். தந்தக்காரர் எல்லை தாண்டிய விஷயத்தை மழுப்புவார். வழிகாட்டி, பயந்து ஓடிய வாடிக்கையாளரின் பெயரைச் சொல்ல மாட்டார். அரசு ஊழியர் ஆயிரம் மிருகத்தைக் கொன்றதைக் கூச்சமே இல்லாமல் எழுதுவார். அவருக்கு அது வேலை அறிக்கை.

துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது. .470, .275, 4 போர்னு வந்துட்டே இருக்கே, புரியுமா?

கொஞ்சம் தெரிந்தால் போதும். .470 என்றால் குழலின் அளவு ஓர் அங்குலத்தில் கிட்டத்தட்ட பாதி. அதன் குண்டு சுமார் 32 கிராம். .275 (7 மில்லிமீட்டர் என்றும் வரும்) குண்டு சுமார் 11 கிராம். பெரியது மிருகத்தை அதிர்ச்சியில் நிறுத்தும். சின்னது சரியான இடத்தில் பட்டால் மட்டும் கொல்லும். பெரிதா சின்னதா என்ற சண்டை இந்தப் புத்தகங்கள் முழுக்க ஓடுகிறது. சலிப்பாக இருந்தால் தாண்டிவிடுங்கள், கதை எதுவும் விட்டுப்போகாது.

‘போர்’ கணக்கு அதற்கும் பழையது. 4 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் நாலே குண்டு, அதாவது ஒவ்வொன்றும் கால் பவுண்டு. செலூஸ் இளவயதில் யானைக்குப் பயன்படுத்தியது அதைத்தான். இடுப்புத் தோல்பையில் கைவிட்டு வெடிமருந்தை அள்ளிக் குழலில் போடுவார். அந்தத் துப்பாக்கி திருப்பி உதைத்த உதையில் நரம்பே கெட்டுப்போனது என்று பிற்காலத்தில் நொந்துகொண்டார்.

நம் ஊர் சம்பந்தமான ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அந்தக் குண்டுகள் கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்த பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பொருந்திவிடும் என்ற பயம். இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தன. ஆப்பிரிக்க வேட்டையின் அடையாளமாகிப்போன .470 இப்படிப் பிறந்ததுதான்.

ஊர்ப் பெயரெல்லாம் மேப்ல கிடைக்கவே மாட்டேங்குதே?

பெயர் மாறிவிட்டது. ருடால்ஃப் ஏரி இன்றைய துர்க்கானா. டாங்கனீக்கா இன்றைய தான்சானியாவின் பெருநிலம், 1914க்கு முன்னால் அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் பகுதி. நியாசாலாந்து மலாவி. வடக்கு ரொடீசியா ஜாம்பியா, தெற்கு ரொடீசியா ஜிம்பாப்வே.

லாடோ என்ற பெயர் அடிக்கடி வரும். மேல் நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு துண்டு நிலம் அது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் அனுபவத்தில் இருந்தது. அவர் 1909 டிசம்பரில் இறந்தார், 1910இல் அது சூடான் நிர்வாகத்துக்குப் போனது. பழைய அதிகாரம் கிளம்பி, புது அதிகாரம் வந்து உட்காரும்வரை கேட்பாரில்லை. உகாண்டா பக்கமிருந்து ஆற்றைத் தாண்டி ஒரு கூட்டமே தந்தத்துக்காக உள்ளே புகுந்தது. எல்லை தாண்டிய விஷயம் என்று மேலே சொன்னது முக்கியமாக இதைத்தான்.

பெல் 1,011 யானை கொன்னாராமே. நம்புற மாதிரியா இருக்கு?

‘கரமோஜோ’ பெல் என்று பெயர் எடுத்த டபிள்யூ. டி. எம். பெல்லின் எண்ணிக்கையைப் பெரிதாக யாரும் மறுத்ததில்லை. காரணம் மறுபடியும் காசுதான். தந்தம் விற்றவர் அவர். ஒவ்வொரு கொம்புக்கும் எடையும் விலையும் எழுதிவைத்தால்தான் வியாபாரம் நடக்கும். உகாண்டாவின் கரமோஜா, லாடோ, மேற்கு ஆப்பிரிக்கா என்று பல வருடம் நடந்தே திரிந்தவர்.

முறையைப் புரிந்துகொண்டால் எண் அவ்வளவு ஆச்சரியமாகத் தெரியாது. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படித்தார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் குண்டு எந்த வழியாக மூளைக்குப் போகும் என்பது மனப்பாடம். பின்பக்கத்திலிருந்து சாய்வாக மூளைக்குச் சுடும் முறையை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அவருடைய யானைகளில் பெரும்பகுதி அந்தச் சின்ன .275இல் விழுந்தவை. சத்தம் குறைவு, மூளையில் பட்ட யானை பிளிறாமல் அப்படியே மடங்கி உட்காரும், பக்கத்து யானைக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அடுத்த குண்டு அதற்கு. இதை எழுதும்போது பெல்லின் நடை கணக்குப்பிள்ளையின் நடை மாதிரி இருக்கும். வாசிக்கிற நமக்குத்தான் வயிற்றைப் புரட்டும்.

‘வாண்டரிங்ஸ் ஆஃப் அன் எலிஃபன்ட் ஹன்டர்’ (1923) அவருடைய முதல் புத்தகம். படங்களும் அவர் வரைந்தவை. இதைப் படித்துவிட்டு ‘கரமோஜோ சஃபாரி’ (1949) எடுங்கள். வயதான பிறகு எழுதியது, மனிதர்கள் கொஞ்சம் அதிகமாக வருகிறார்கள்.

சாவோ சிங்கங்கள் எத்தனை பேரைத்தான் கொன்னுச்சு? ஒருத்தர் 28ங்கிறார், ஒருத்தர் 135ங்கிறார்.

இரண்டு எண்ணுமே பேட்டர்சனிடமிருந்து வந்தவைதான். 1898இல் மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு உகாண்டா ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவோ ஆற்றுப் பாலத்துக்குப் பேட்டர்சன் பொறியாளர். வேலையாட்கள் பெரும்பாலும் பஞ்சாப், குஜராத் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த ஆண்டு பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப்போயின. டிசம்பரில் இரண்டையும் பேட்டர்சன் சுட்டார்.

1907 புத்தகத்தில் அவர் எழுதியது: 28 இந்தியக் கூலிகள், அதோடு கணக்கில் எழுதப்படாத ஏராளமான ஆப்பிரிக்கர்கள். பிற்காலத்தில் அதுவே 135 ஆனது. சிங்கங்களின் தோல்களை 1924இல் சிகாகோவின் ஃபீல்ட் மியூசியம் 5,000 டாலருக்கு வாங்கியது. 2009இல் வந்த ஓர் ஆய்வு, முடியிலும் எலும்பிலும் உள்ள வேதியியல் அடையாளங்களை வைத்து, இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்றது. ஒன்று 24, இன்னொன்று 11 என்ற அளவில். இது தின்ற கணக்கு. கொன்று போட்டுவிட்டுப் போனதோ, துரத்தப்பட்டு விட்டுவிட்டுப் போனதோ இதில் வராது. எனக்கு இந்த மூன்று எண்ணையும்விட முக்கியமாகப் படுவது ‘கணக்கில் எழுதப்படாத’ என்ற அந்தத் துணுக்குதான். இந்தியக் கூலி சம்பளப் பட்டியலில் இருந்தான், செத்தால் பெயரை அடிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏன் மனிதனைத் தின்றன என்பதற்கும் காரணங்கள் கிடைக்கின்றன. 1890களில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் ஆப்பிரிக்காவின் மாடுகளையும் காட்டெருமைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இரை குறைவு. சுமைகூலிக் கூட்டங்கள் போகும் பழைய பாதையில் செத்தவர்களைப் புதைக்காமல் விட்டதும் உண்டு. ஒரு சிங்கத்துக்குக் கோரைப்பல் உடைந்து வேர் சீழ்பிடித்திருந்ததை மண்டையோட்டில் இன்றும் பார்க்கலாம்.

அந்தப் புத்தகத்துல நம்ம ஆட்கள் எப்படி வர்றாங்க?

பேட்டர்சன் அவர்களைத் திட்டிக்கொண்டே எழுதுகிறார், ஆனால் நிறைய எழுதுகிறார். ஒரு கட்டத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தண்டவாளத்தில் படுத்து ரயிலை நிறுத்தி, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரைக் காலிசெய்தார்கள். ‘அரசு வேலைக்கு ஒப்பந்தம் போட்டோம், சிங்கத்துக்குச் சாப்பாடாக அல்ல’ என்பது அவர்கள் வாதம். இதைவிடத் தெளிவாக ஒரு வேலைநிறுத்தக் கோரிக்கையைச் சொல்ல முடியாது.

தண்டவாளத் துண்டுகளால் அவர் செய்த கூண்டைப் பாருங்கள். இரண்டு அறை. உள்ளறையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள், அவர்கள்தான் இரை. நடுவில் இரும்புக் கம்பிகள். ஓர் இரவு சிங்கம் நிஜமாகவே உள்ளே வந்தது, கதவும் விழுந்தது. சிங்கம் கம்பியில் மோதி உறும, சிப்பாய்கள் பதறிப்போய்க் கண்டபடி சுட்டார்கள். சிங்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு குண்டு கதவுக் கம்பியை முறிக்க, அந்த வழியாக அது தப்பியது. பேட்டர்சனுக்கு அவர்கள்மேல் ஒரே எரிச்சல். முதல் சில இரவுகள் அவரே அந்தக் கூண்டுக்குள் இரையாக உட்கார்ந்தார், ஆனால் அப்போது சிங்கம் வரவில்லை. சிங்கங்கள் செத்த பிறகு தொழிலாளிகள் அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்கள். முன்பு ஒரு சமயம் தன்னையே கொல்லப் பார்த்தவர்கள் கொடுத்தது என்று அவர் பெருமையாக எழுதுகிறார்.

கத்தியால சிங்கத்தைக் கொன்னதா ஒருத்தர் எழுதியிருக்காரே, அதையும் நம்பணுமா?

ஹாரி வோல்ஹட்டர். தென்னாப்பிரிக்காவின் சாபி காப்புக்காட்டில் ரேஞ்சர், பிறகு க்ரூகர் தேசியப் பூங்காவாக ஆனது அந்தக் காடுதான். நடந்தது 1903. இருட்டும் நேரம், கூட வந்தவர்களை முன்னே தாண்டிக் குதிரையில் போகிறார். ஒரு சிங்கம் குதிரைமேல் பாய, இவர் சரிந்து விழுந்தது கிட்டத்தட்ட இரண்டாவது சிங்கத்தின் மேல். அது வலது தோளைக் கவ்வி, இவர் முகத்தைத் தன் வயிற்றடியில் வைத்து மல்லாக்க இழுத்துப்போனது. குதிரைமுள் தரையில் மாட்டி மாட்டி வாரோடு பிய்ந்தது. இடுப்புக்குப் பின்னால் இருந்த கத்தி பழைய உறையில் தளர்ந்து கிடக்கும், விழுந்திருக்குமோ என்பதுதான் அப்போதைய கவலையாம். இடது கையை வளைத்து எடுத்து, தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு குத்து, தொண்டையில் ஒன்று. சிங்கம் விட்டது. மரத்தில் ஏறி, மயங்கினால் விழாதபடி தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குதிரையைத் துரத்திப்போன முதல் சிங்கம் திரும்பி வந்தபோது, கீழே நின்ற அவர் நாய் குரைத்துக் குரைத்து அதைத் தள்ளியே வைத்தது.

நம்பலாம். கூட வந்த ஆட்கள் வந்து இறக்கினார்கள், செத்த சிங்கத்தையும் கண்டெடுத்தார்கள். அந்தத் தோலும் கத்தியும் க்ரூகரின் ஸ்குகுசா முகாமில் காட்சிக்கு இருக்கின்றன. அவர் ‘மெமரீஸ் ஆஃப் எ கேம் ரேஞ்சர்’ எழுதியது 1948இல், ஆனால் சம்பவம் நடந்த காலத்திலேயே ஊரறிந்தது.

சரி, பொதுவா எது நிஜம், எது அளப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுடத் தவறிய கதை எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். காயப்பட்ட மிருகத்தைத் தொலைத்தது, இரண்டு நாள் வீணாக நடந்தது, மலேரியாவில் படுத்தது, சுமைகூலிகள் ஓடிப்போனது. நிஜமாகக் காட்டில் இருந்தவர் இதையெல்லாம் தவிர்க்க முடியாது. நியூமனின் 1898 புத்தகத்தில் அவருடைய சமையல்காரரை ருடால்ஃப் ஏரிப் பக்கத்தில் முதலை இழுத்துப்போகிறது, அவரையே ஒரு பெண்யானை மிதித்துப்போட்டு மாதக்கணக்கில் படுக்கவைக்கிறது. அளக்கிறவன் இப்படி எழுதமாட்டான். எல்லாச் சிங்கமும் பத்தடி தூரத்தில் காலடியில் வந்து விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்கரான பீட்டர் கேப்ஸ்டிக் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பங்குச்சந்தைத் தரகராக இருந்து வேட்டைக்கு வந்தவர். ‘டெத் இன் த லாங் கிராஸ்’ (1977) படு விறுவிறுப்பு. அதில் வருவதெல்லாம் அவருக்கே நடந்ததா என்று சக தொழில்காரர்கள் சிலர் கேள்வி எழுப்பியதுண்டு. நான் அதை நாவல் மாதிரி படிப்பேன். அவரால் ஒரு நன்மையும் நடந்தது. அவர் பெயரில் வந்த வரிசையில் பழைய வேட்டைப் புத்தகங்கள் பல மறுபதிப்புக் கண்டன.

பெரிய எண்கள் விஷயத்தில் சாவோ பற்றிச் சொன்னதே பொருந்தும்: எண்ணியது யார், எதற்காக என்று கேளுங்கள். டாங்கனீக்காவின் ஞொம்பே பகுதிச் சிங்கங்கள் 1,500 பேரைத் தின்றன என்று ரஷ்பி எழுதியது ஒரு மதிப்பீடு. அவர் வேட்டைத்துறை அதிகாரி என்பதால் மற்றவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம், அவ்வளவுதான்.

ஹெமிங்வே, ரூஸ்வெல்ட் புத்தகமெல்லாம் இதுல சேருமா?

அவை வாடிக்கையாளர் எழுதியவை. அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பதவிக்காலம் முடிந்ததும் 1909இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காகப் போனார். அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து 512 பெரிய மிருகங்களைச் சுட்டார்கள், அந்தப் பட்டியலை அவரே புத்தகத்தில் தருகிறார். வழிகாட்டியாகப் போனவர் கனிங்ஹாம். ஹெமிங்வேயின் ‘கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’வில் (1935) ‘பாப்’ என்று வருபவர் பிலிப் பெர்சிவல். வேட்டையைவிட, அடுத்தவனுக்குப் பெரிய கொம்பு கிடைத்துவிட்டதே என்ற ஹெமிங்வேயின் பொறாமைதான் அதில் சுவாரஸ்யம். பெர்சிவல் என்ன நினைத்தார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய நினைவுக்குறிப்பு இருக்கிறது. வந்தது அவர் இறந்து பல வருடம் கழித்து.

சாமுவேல் பேக்கர்னு ஒருத்தர் வர்றார். நுவரெலியா பேக்கரேதானா?

அவரேதான். ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் ஆங்கிலப் பாணியில் ஒரு பண்ணை போட்டார். இலங்கை யானை வேட்டை பற்றி 1850களில் எழுதினார். அதன்பிறகுதான் ஆப்பிரிக்கா. 1864இல் மனைவி ஃப்ளோரன்ஸோடு ஆல்பர்ட் ஏரியை அடைந்தார்.

அவரைப் படிப்பதானால் 1867இல் வந்த அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) புத்தகம். சூடான் எல்லையில் ஹம்ரான் அரபிகள் துப்பாக்கியே இல்லாமல் வாளோடு குதிரையில் போய் யானையை வீழ்த்துவதை அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஒருவர் யானையின் முகத்துக்கு நேரே குதிரையை ஓட்டிச் சீண்டித் துரத்தவைப்பார். பின்னால் வருபவர் ஓட்டத்திலேயே குதித்து இறங்கிப் பின்னங்கால் நரம்பை ஒரே வெட்டில் அறுப்பார். துப்பாக்கிக்காரர்களின் வீரதீரம் எல்லாம் இதற்குப் பிறகு சற்றுச் சின்னதாகத் தெரியும்.

பாதியிலேயே மூடிட்டேன். ரொம்பக் கொடூரமா இருக்கு. எல்லாம் இப்படித்தானா?

இந்தக் கேள்வி வந்தால் கார்டன் கம்மிங் என்று ஊகித்துவிடுவேன். 1850இல் வந்த புத்தகம். ஒரு யானையைத் தோளில் சுட்டு நடக்கமுடியாமல் செய்துவிட்டு, பக்கத்தில் தீ மூட்டிக் காப்பி போட்டுக் குடித்தபடி அதை ரசிக்கிறார். பிறகு எங்கெங்கே சுட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். மூடிவைத்ததில் தப்பே இல்லை.

எல்லோரும் இப்படி இல்லை. இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்களிடம் காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது தொழில் தர்மமாகவே ஆகிவிட்டிருந்தது. அதற்காகவே புதருக்குள் போய்ச் செத்தவர்களும் உண்டு. கொடுமை தாங்காது என்றால் வோல்ஹட்டரும் அவருடைய மேலதிகாரி ஸ்டீவன்சன்-ஹாமில்டனும் எழுதியவை போதும்.

பெண்கள் யாரும் எழுதலையா?

எழுதினார்கள். ஆக்னஸ் ஹெர்பர்ட் சோமாலிலாந்து வேட்டை பற்றி எழுதியது நல்ல கிண்டல் நடை. டீலியா ஏக்லி, யானை மிதித்த கணவரைக் கென்யா மலைச்சரிவில் போய்த் தேடி மீட்டவர், யானைகளை அவரும் சுட்டவர். எண்ணிக்கையில் குறைவு என்றாலும் தேடிப் படிக்கலாம்.

டிராக்கர்கள் பேரே வரமாட்டேங்குதே? எல்லாத்தையும் துரைதான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு.

சரியாகப் பிடித்தீர்கள். காய்ந்த தரையில் மடங்கிய புல்லை வைத்து யானை போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொன்னது கம்பா, டொரோபோ, வாட்டா மக்கள். இந்தத் தொழிலின் நிஜமான நிபுணர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். துரையின் வேலை கடைசி அரை நிமிடம். பெயர் சொல்வதும் சொல்லாததும் எழுதியவரின் தராசு. பெல் தன்னோடு வந்த கரமோஜோங் மனிதர் பியாலேயைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பலருக்கு எல்லோருமே ‘பாய்’தான், ஐம்பது வயதுக்காரர் உட்பட.

பெயர் இல்லாத இடத்திலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். ‘நாங்கள் தடத்தைத் தொடர்ந்தோம்’ என்று ஒரு வரி வந்தால் நின்று யோசியுங்கள்: தடத்தைப் பார்த்தது யார், இரண்டாவது துப்பாக்கியைப் பின்னால் தூக்கி நின்றது யார், தந்தத்தைக் கடற்கரைவரை தலையில் சுமந்தது யார்? சுமைகூலி ஒருவரின் பாரம் சாதாரணமாக அறுபது பவுண்டு.

இனவெறி வார்த்தைகள் நிறைய. இதையெல்லாம் ஏன் இன்னும் படிக்கணும்?

படித்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. படிப்பதானால் வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள், வார்த்தை நாகரிகமாக இருக்கும் இடத்தில்தான் பெரிய காரியம் நடக்கிறது. செலூஸ் பண்பான மனிதர். 1872இல், இருபது வயதில், இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த மட்டபேலே மக்களின் மன்னர் லோபெங்குலாவிடம் யானை வேட்டைக்கு அனுமதி கேட்டுப் போனார். நீ வெறும் பையன் என்று சிரித்துவிட்டு மன்னர் அனுமதித்தார். பதினெட்டு வருடம் கழித்து, வேட்டையில் கற்ற அதே பாதையறிவை வைத்து, செசில் ரோட்ஸின் கம்பெனிப் படையை மஷோனாலாந்துக்குள் வழிநடத்திக் கூட்டிப்போனவர் அந்தப் பையன்தான். 1893இல் லோபெங்குலாவின் ராஜ்ஜியமும் போனது. மிருகங்கள் இருக்கும் இடம், ஆற்றைக் கடக்கும் துறை, தண்ணீர்க் குழி என்று அவர் எழுதிய ஒவ்வொன்றும் பிறகு யாருக்குப் பயன்பட்டது என்று தெரிந்து படித்தால் புத்தகமே மாறிவிடும்.

கொன்னு குவிச்சவங்களே எப்படிக் காட்டைக் காப்பாத்துறவங்களா மாறினாங்க?

1903இல் லண்டனில் பேரரசின் காட்டுயிர்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் பலர் பெரிய வேட்டைக்காரர்கள் என்பதால் ‘மனம் திருந்திய கசாப்புக்காரர்கள்’ என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. கிண்டலில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. ஸ்டீவன்சன்-ஹாமில்டன் 1902இல் சாபிக்கு வந்து அதை க்ரூகராக ஆக்கும்வரை (1926) விடாமல் போராடினார். அயோனைடிஸ் தந்தம் திருடியவர், பிறகு அதே டாங்கனீக்காவில் வேட்டைத்துறை அதிகாரி. செலூஸ் 1917 ஜனவரியில் ஜெர்மன் குண்டுக்கு இறந்து புதைக்கப்பட்ட பகுதியில், செலூஸ் பெயரில் இருந்த காப்புக்காட்டைப் பெரிதாக விரித்தவர் இந்த அயோனைடிஸ்தான். அங்கிருந்த ஊர்களைத் தூக்க நோய் காரணம் காட்டி அரசு காலிசெய்தது அவருக்கு வசதியாகப் போனது.

எல்லோரும் மாறவும் இல்லை. முதல் கேள்வியில் சொன்ன ஜே. ஏ. ஹன்டர் 1940களின் நடுவில், கம்பா மக்களுக்கு விவசாய நிலம் ஒதுக்குவதற்காக, மக்குவேனி பகுதியில் கிட்டத்தட்ட ஆயிரம் காண்டாமிருகங்களைச் சுட்டார். அரசு ஆணை. இவ்வளவு கொன்று கிடைத்த நிலம் அதற்குத் தகுமா என்று அவரே கேட்கிறார், கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். பல முறை படித்தும் அந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை.

ஆப்பிரிக்க வேட்டைக்காரர் யாராவது தன் பக்கத்தைச் சொல்லியிருக்காரா?

துரைமார் அலமாரிக்குப் பக்கத்தில் வைக்க அந்த அளவு கிடைக்காது. இருப்பதில் நான் கவனிக்கச் சொல்வது கென்யாவின் வாட்டா மக்களைப் பற்றியது. பெரிய வில்லும் அகோகாந்தெரா மரத்து விஷமும் வைத்து, தலைமுறை தலைமுறையாக யானை வேட்டையாடியவர்கள். 1948இல் சாவோ தேசியப் பூங்கா வந்ததும் அவர்கள் செய்துகொண்டிருந்த அதே தொழிலுக்குத் திருட்டு வேட்டை என்று பெயர். 1950களின் நடுவில் பெரிய நடவடிக்கை எடுத்துச் சிறையில் தள்ளினார்கள். அதே ஆண்டுகளில் உரிமத்துக்குப் பணம் கட்டிய வெளிநாட்டுக்காரர் பூங்காவுக்கு வெளியே சட்டப்படி யானை சுட்டுக்கொண்டிருந்தார்.

டெனிஸ் ஹோல்மன் 1967இல் எழுதிய ‘த எலிஃபன்ட் பீப்பிள்’ இந்த மோதலைச் சொல்கிறது, எழுதியவர் ஆங்கிலேயர் என்பதையும் மனதில் வையுங்கள். சிறைக்கு அனுப்பியவர்களுக்கே பிறகு உறுத்தியது. 1960இல் பூங்காவை ஒட்டிய கலானா ஆற்றங்கரையில், வாட்டா மக்கள் சட்டப்படியே யானை வேட்டையாடி இறைச்சியும் தந்தமும் விற்கலாம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை, நிலம் கால்நடைப் பண்ணைக்குப் போனது. 1977 மே மாதம் கென்யா வேட்டையையே மொத்தமாகத் தடை செய்தது, அதோடு நைரோபி வழிகாட்டிகளின் சங்கமும் கலைந்தது. வேலை போன வழிகாட்டிகளில் பலர் அதன்பிறகு எழுத உட்கார்ந்தார்கள். வாட்டாக்காரர்களிடம் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தால்தான் உண்டு.